பாய்லர் தண்ணியும் ஒரு நோபல் பரிசும்

கண்ணை மூடிட்டு, ரெண்டு காலையும் சேர்த்து வச்சு நில்லுங்க. விழாம நிக்கிறீங்கல்ல? அதுல பெரிய பங்கு உள்காதுல இருக்கிற நுண்மயிர் செல்களுக்கு. தலை எந்தப் பக்கம் திரும்புது, எவ்வளவு வேகமாத் திரும்புதுன்னு மூளைக்குச் சொல்ற சென்சார் அதுதான். அந்த சென்சாரை வெளியிலிருந்தே சோதிக்கிற வழியைக் கண்டுபிடிச்சவர் ராபர்ட் பாரானி.

1876-ல் வியன்னாவில் பிறந்தார். சின்ன வயசுலயே எலும்புக் காசநோய் வந்து ஒரு முழங்கால் நிரந்தரமா விறைச்சுப் போச்சு. அதுக்கு அப்போ மருந்தே கிடையாது. அந்தக் காலோடவே டென்னிஸ் ஆடினார், மலை ஏறினார். மருத்துவம் படிச்சு, வியன்னாவில் பொலிட்சரின் காது மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கே நோயாளிகளின் காதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது தினசரி வேலை. கழுவினதும் பலருக்குத் தலை சுத்தும். ஒருத்தர், தண்ணி சில்லுனு இருந்தாத்தான் சுத்துதுன்னு சொல்லியிருக்கார். சரின்னு பாரானி சூடான தண்ணியை விட்டார். அப்பவும் சுத்துச்சு. ஆனா கண்கள் வெட்டி வெட்டி இழுத்த திசை மட்டும் தலைகீழா மாறிடுச்சு! வேற யாராயிருந்தாலும் துண்டைக் கொடுத்து அனுப்பியிருப்பாங்க. பாரானிக்கு குளியலறை பாய்லர் ஞாபகம் வந்தது. சூடான தண்ணி மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். நாம தெர்மல் வகுப்புல படிக்கிற அதே வெப்பச்சலனம்தான். உள்காதின் அரைவட்டக் குழாய்களில் இருக்கும் திரவமும் அப்படித்தான் ஓடுதுன்னு சொன்னார். (1983-ல் ஸ்பேஸ்லேப் விண்கலத்தில், எடையில்லாத நிலையிலும் இந்தச் சோதனைக்குக் கண் துடிச்சது. அதனால வெப்பச்சலனம் மட்டுமே முழுக் காரணம் இல்லை. ஆனா சோதனை இன்னைக்கும் நிக்குது. இப்போ 30, 44 டிகிரி தண்ணீர்: உடல் வெப்பத்துக்கு 7 கீழே, 7 மேலே.) ஒரு பக்கக் காதுக்குக் கண் அசையலைன்னா, அந்தப் பக்க சென்சார் போச்சு.

முதல் உலகப்போரில் ஆஸ்திரிய ராணுவ மருத்துவரா போனார். 1915-ல் பிஷெமிஷ்ல் கோட்டை விழுந்ததும் ரஷ்யர்கள் பிடிச்சு மத்திய ஆசியாவின் மெர்வ் நகருக்கு அனுப்பினாங்க. 1914-க்கான நோபல் பரிசுச் செய்தி வந்தப்போ அவர் போர்க்கைதி! ஸ்வீடன் இளவரசர் கார்ல் தலையிட்டு 1916-ல் விடுவிச்சார். ஊர் திரும்பினா, அடுத்தவங்க வேலையைச் சரியா குறிப்பிடலைன்னு சக மருத்துவர்களே குற்றம் சாட்டினாங்க. மனசு வெறுத்து ஸ்வீடனின் உப்சாலா போனார். 1936-ல் அங்கேயே இறந்தார்.

ஏழு வருஷம் கழிச்சு, 1943-ல், அவர் முழங்காலைப் பாழாக்கிய காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. உயிர்கள் பிழைச்சது. ஆனா ஊசி போட்டவங்கள்ல சிலர் படுக்கையை விட்டு எழுந்ததும் தள்ளாடினாங்க. இருட்டுல நடக்க முடியலை. நடந்துகிட்டே பார்த்தா கடைப் பலகை எழுத்து குதிச்சது. காதைச் சோதிச்சா கண் அசையவே இல்லை. பாரானியின் நோய்க்கான மருந்து, பாரானி அளந்த அதே செல்களைக் கொன்னிருந்தது.

எப்படின்னா, தலை அசையும்போது நுண்மயிரின் நுனியில் குட்டிக் கதவுகள் திறக்கும். மருந்து அதே வழியா உள்ளே நுழையுது, சீக்கிரம் வெளியேறுறதில்லை. மைட்டோகாண்ட்ரியா பழுதாகி செல் செத்துப்போகுது. பறவைக்கும் மீனுக்கும் அது திரும்ப வளரும். நமக்குச் செத்தது செத்ததுதான். ஜென்டாமைசினும் இதே குடும்பம். மலிவு, பிறந்த குழந்தையின் கிருமித்தொற்றுக்கும் இன்னும் அதுதான் கை கொடுக்குது. வேண்டாம்னு தூக்கிப் போடவும் முடியாது.

அதனால இப்போதைக்குப் பாதுகாப்புன்னா கவனம்தான். ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்ப்பது, சிறுநீரகம் பலவீனமா இருந்தா டோஸைக் குறைப்பது, தேவைக்கு மேல் ஒரு நாள்கூட நீட்டாமலிருப்பது, தள்ளாட்டம் தொடங்கினதும் சோதிப்பது. இன்னொரு பக்கம், பாக்டீரியாவைக் கொல்லும் திறன் குறையாம அந்தக் குட்டிக் கதவை மட்டும் அடைக்கிற மூலக்கூறைத் தேடுறாங்க. வரிக்குதிரை மீன் குஞ்சுகளின் உடம்புக்கு வெளியிலேயே இதே மாதிரி செல்கள் இருப்பதால், முதல் வடிகட்டல் அந்த மீன்களில்தான் நடக்குது.