'ஸ்பைடர்மேன்' ஆறுமுகம்: ஒலிம்பிக் வாசல்வரை போய்த் திரும்பிய மலேசியக் கோல்கீப்பர்

2016இல் வெளிவந்த 'ஓலா போலா' படம் பார்த்திருக்கிறீர்களா? அதில் முத்து என்றொரு தமிழ் கோல்கீப்பர் வருவார். படம் பார்த்த பலர் அந்தப் பாத்திரம் முழுக்கக் கற்பனை என்றே நினைக்கிறார்கள். ஆனால் உங்கள் அப்பாவையோ தாத்தாவையோ கேட்டுப் பாருங்கள். "அட, அது நம்ம ஆறுமுகம்தானே!" என்று உடனே சொல்வார்கள்.

பினாங்கோ, ஈப்போவோ, கிள்ளானோ, 1970களில் மலேசியாவில் வளர்ந்த எவருக்கும் ஆர். ஆறுமுகத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. உங்கள் தலைமுறைக்குத்தான் அவர் கதை சரியாக வந்து சேரவில்லை.

யார் இந்த ஆறுமுகம்?

சிலாங்கூரின் போர்ட் கிள்ளானில் 1953இல் பிறந்தவர். 1970களின் தொடக்கத்திலிருந்து 1980களின் நடுப்பகுதி வரை மலேசியத் தேசிய அணியின் கோலைக் காத்தவர். நட்பு ஆட்டங்களையும் சேர்த்தால், நாட்டுக்காக அவர் இறங்கிய ஆட்டங்களின் எண்ணிக்கை 200ஐ நெருங்கும்.

'ஸ்பைடர்மேன்' என்ற பட்டப்பெயர் எப்படி வந்தது? காரணம் அவருடைய நீண்ட கைகள். மூலைக்குப் போகும் பந்தையும் எட்டிப் பிடிக்கும் கைகள். இன்றைக்கு நீங்கள் ஸ்பைடர்மேன் என்றால் சினிமாவைத்தான் நினைப்பீர்கள். அன்றைய மலேசிய ரசிகருக்கு ஸ்பைடர்மேன் என்றால் கோல் கம்பங்களுக்கு நடுவே நிற்கும் இந்த மனிதர்தான்.

கோல்கீப்பர் வேலை ஏன் வேற மாதிரி?

பேஸ்பால் ஆட்டத்தில் கேட்சர் என்று ஒருவர் இருப்பார். முகக் கவசம் போட்டுக்கொண்டு, குத்தவைத்து உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர். தன் அணியில் எல்லாரும் ஒரு பக்கம் பார்க்க, அவர் மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்தபடி இருப்பார். கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பரும் ஏறக்குறைய அப்படித்தான். தோனியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மைதானம் முழுக்கக் கண்ணுக்குத் தெரிவதால், யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வதும் அவர் வேலையாகிவிடுகிறது.

காற்பந்தில் அந்த இடம் கோல்கீப்பருக்கு. தன் அணியின் பத்துப் பேரும் அவருக்கு முன்னால் இருக்கிறார்கள். அவருக்குப் பின்னால் வலை மட்டும்தான். முன்வரிசை ஆட்டக்காரர் ஐந்து வாய்ப்புகளைக் கோட்டைவிட்டு ஆறாவதில் கோல் போட்டால் ஹீரோ. கோல்கீப்பர் ஐந்தைப் பிடித்து ஆறாவதை விட்டால், அந்த ஆறாவதைத்தான் ஊரே பேசும்.

அப்படியொரு இடத்தில் பத்து ஆண்டுகளுக்கும் மேல் தாக்குப்பிடிப்பது சாதாரண விஷயம் இல்லை. ஆறுமுகம் தாக்குப்பிடித்தார்.

அப்போ காற்பந்து ஒரு வேலையா?

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். இன்று ஓர் இளம் கோல்கீப்பருக்குப் போகும் வழி ஓரளவு தெளிவாக இருக்கிறது. பயிற்சிக் கழகம், இளையோர் அணி, ஒப்பந்தம், மாதச் சம்பளம் என்று படிகள் இருக்கின்றன. நடுவில் ஓர் ஏஜென்ட்டும் வருவார்.

ஆறுமுகம் ஆடிய காலத்தில் மலேசியாவில் இது எதுவும் இல்லை. காற்பந்து அமெச்சூர் ஆட்டமாகத்தான் இருந்தது. நட்சத்திர ஆட்டக்காரர்களும் வங்கியிலோ, அரசுத் துறையிலோ, காவல்துறையிலோ வேலை பார்த்தார்கள். வேலை முடிந்து பயிற்சி, ஆட்டம் இருந்தால் விடுப்பு. உள்ளூர் அணி, மாநில அணி, தேசிய அணி என்று ஏறுவதுதான் பாதை. உச்சிக்குப் போனாலும் அங்கே பெரிய பணம் காத்திருக்கவில்லை.

மலேசியாவில் பகுதிநேரத் தொழில்முறை லீக் வந்தது 1989இல். முழுத் தொழில்முறை லீக் வந்தது 1994இல். இந்த ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிலாங்கூரும் பினாங்கும்

அந்தக் காலத்தில் ரசிகர்களின் உயிர்நாடி மலேசியக் கிண்ணம். 1921இல் தொடங்கிய போட்டி அது. மாநிலத்துக்கு மாநிலம் மோதும்போது ஊரே அரங்கத்துக்குப் போய்விடும்.

ஆறுமுகத்தின் அணி சிலாங்கூர். முன்னால் மொக்தார் டஹாரி கோல் போடுவார். தற்காப்பில் சோ சின் அன், சந்தோக் சிங். பின்னால் ஆறுமுகம். மலாய்க்காரர், சீனர், சீக்கியர், தமிழர் என்று நாட்டின் பல இனங்களும் ஒரே அணியில் இருந்தன. 1975 முதல் 1986 வரையிலான காலத்தில் சிலாங்கூர் எட்டு முறை கிண்ணத்தை வென்றது.

பினாங்கும் சும்மா இருக்கவில்லை. 1974இல் பேராக்கை 2-1 என்று வீழ்த்திக் கிண்ணத்தை ஜார்ஜ்டவுனுக்குக் கொண்டுவந்தது. 1977 இறுதி ஆட்டத்தில் சிங்கப்பூரிடம் 3-2 என்று நூலிழையில் தோற்றது. ஈசா பக்கார், அலி பக்கார் சகோதரர்கள், நடுக்களத்தில் ஷுகோர் சாலே என்று பினாங்கு அணிக்கும் பெரிய பெயர்கள் இருந்தன. ஜார்ஜ்டவுன் நகர அரங்கத்துக்கு நீங்கள் ஆட்டம் பார்க்கப் போயிருந்தால், உங்கள் தாத்தாக்கள் கத்திக் குரல் கம்மிய இடம் அதுதான் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை. மாநில ஆட்டத்தில் சிலாங்கூர் கோலை நோக்கிப் பந்தை உதைக்கும் பினாங்குக்காரர்கள், தேசியச் சட்டை போட்டதும் அதே ஆறுமுகத்தின் தோழர்கள். அந்த ஒற்றுமைக்குப் பலனும் கிடைத்தது. 1977இல் கோலாலம்பூரிலும், 1979இல் ஜகார்த்தாவிலும் நடந்த தென்கிழக்காசியப் போட்டிகளில் மலேசியா காற்பந்துத் தங்கம் வென்றது. ஜகார்த்தாவில் இந்தோனேசியாவை அதன் சொந்த மண்ணிலேயே 1-0 என்று தோற்கடித்தார்கள். கோல் போட்டவர் மொக்தார்.

1980 ஏப்ரலில் என்ன நடந்தது?

மாஸ்கோ ஒலிம்பிக்குக்கான தகுதிச்சுற்று கோலாலம்பூர் மெர்டேகா அரங்கத்தில் நடந்தது. தென்கொரியா, ஜப்பான், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், புருணை, மலேசியா என ஆறு அணிகள். இடம் ஒன்றே ஒன்று.

இறுதியில் மலேசியாவும் தென்கொரியாவும் மோதின. மலேசியா 2-1 என்று வென்றது. ஹசான் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் வெற்றிக் கோலாக மாற்றினார். இருவரும் சபா மாநிலத்துக்காரர்கள். அந்த அணியில் பினாங்கின் ஷுகோர் சாலேயும் இருந்தார். 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்குப் பிறகு மலேசியக் காற்பந்து அணிக்கு மறுபடி ஒலிம்பிக் வாசல் திறந்தது.

பிறகு ஏன் போகவில்லை?

1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. அதைக் கண்டித்து மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க அமெரிக்கா அழைப்பு விடுத்தது. பல நாடுகள் சேர்ந்துகொண்டன. மலேசியாவும் சேர்ந்தது. காற்பந்தில் மலேசியாவின் இடம் ஈராக்குக்குப் போனது.

அதே ஒலிம்பிக்கில் இந்தியா கலந்துகொண்டது. ஹாக்கியில் ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம் வாங்கிய இந்திய அணிக்குத் தலைவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன். ஒரு தமிழர் மாஸ்கோவில் தங்கப் பதக்கம் வாங்க, அங்கே போகும் தகுதியைக் களத்தில் சம்பாதித்த இன்னொரு தமிழர் வீட்டில் இருந்தார். இருவருடைய திறமைக்கும் இதில் சம்பந்தமே இல்லை. எல்லாம் அவரவர் அரசுகள் எடுத்த முடிவு.

புறக்கணிப்பு சரியா தவறா என்று இன்றும் வாதிடலாம். ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர்கள் ஆட்டக்காரர்கள். ஒலிம்பிக் நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். 27 வயதுக் கோல்கீப்பருக்கு அடுத்த வாய்ப்பு என்பது நிச்சயமில்லாத ஒன்று. அதற்குப் பிறகு இதுவரை மலேசியக் காற்பந்து அணி ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றதே இல்லை.

முடிவு எப்படி வந்தது?

1988 டிசம்பரில் நடந்த ஒரு கார் விபத்தில் ஆறுமுகம் இறந்தார். வயது 35. மேலே சொன்ன ஆண்டுகளை இப்போது திரும்பப் பாருங்கள். பகுதிநேரத் தொழில்முறை லீக் தொடங்கியது 1989இல். காற்பந்தை ஒரு தொழிலாகப் பார்க்க நாடு தயாரானபோது, அந்த ஆட்டத்தை நாடு முழுக்கக் கொண்டாட வைத்தவர்களில் ஒருவர் உயிரோடு இல்லை. மூன்றாண்டுகளுக்குள், 1991இல், மொக்தார் டஹாரியும் நோயால் மறைந்தார்.

படத்தில் வரும் முத்துதான் ஆறுமுகமா?

பாதி ஆமாம், பாதி இல்லை. 1980 தகுதிச்சுற்றும் அந்தக் கோல்கீப்பரின் இடமும் வரலாற்றிலிருந்து வந்தவை. ஆனால் படம் பெயர்களை மாற்றி, குடும்பக் காட்சிகளைக் கதைக்காகச் சேர்த்துக்கொண்டது. முத்துவின் வீட்டில் நடப்பதையெல்லாம் ஆறுமுகத்தின் வீட்டில் நடந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு நல்ல விஷயம், அவரோடு ஆடியவர்களும் அவர் ஆடியதை நேரில் பார்த்தவர்களும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பினாங்கில் உங்கள் வீட்டுப் பக்கத்துக் கடையிலேயே ஒருவர் இருக்கலாம். அடுத்த முறை தேசிய அணி ஆடும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஆறுமுகம் எப்படிப் பிடிப்பார் என்று மட்டும் கேளுங்கள். மீதியை அவரே சொல்லுவார்.