கையோடு வந்த கணிப்பொறி

மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்பது பழமொழி. ஐந்தே அங்குலத் திரையுடன் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்த ஒரு கணிப்பொறிக்கு இப்பழமொழி மிகவும் பொருந்தும். அதை உலகுக்குத் தந்தவர் ஆடம் ஆஸ்போர்ன். அவர் பிறப்பால் ஆங்கிலேயர். ஆயினும் அவர் பிள்ளைப் பருவத்தில் ஓடி விளையாடியது நம் திருவண்ணாமலையில். இறுதியில் கண் மூடியது நம் கொடைக்கானலில். அவருடைய வாழ்க்கையைத் தோழியர் யாவரும் அறிவது நலம்.

ஆடம் ஆஸ்போர்ன் 1939-ஆம் ஆண்டு மார்ச் 6-ஆம் நாள் தாய்லாந்தின் தலைநகரான பாங்காக்கில் பிறந்தார். தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். தாயார் போலந்து நாட்டவர். இந்திய ஆன்மிகத்தில் ஈடுபாடு கொண்ட அக்குடும்பம் 1941-இல் திருவண்ணாமலைக்கு வந்தது. மனைவியையும் மூன்று குழந்தைகளையும் ரமண மகரிஷியின் ஆசிரமத்துக்கு அருகில் தங்க வைத்துவிட்டு, தந்தை மட்டும் பாங்காக் திரும்பினார். அவ்வாண்டு இறுதியில் ஜப்பானியப் படை தாய்லாந்தில் நுழைந்தது. ஆர்தர் சிறைப்பட்டார். 1945-இல் போர் முடியும் வரை அவர் குடும்பத்தைக் காண முடியவில்லை.

தந்தை சிறையில் இருக்க, மகன் அருணாசல மலையடிவாரத்தில் ஊர்ப் பிள்ளைகளோடு விளையாடித் தமிழைச் சரளமாகப் பேசக் கற்றுக்கொண்டான். பிறகு கொடைக்கானலில் அருட்சகோதரிகள் நடத்தும் பிரசென்டேஷன் கான்வென்ட் பள்ளியில் படித்தான். நம்மைப் போலவே கான்வென்டில் மணியோசைக்கு வரிசையில் நின்ற ஒரு சிறுவன், பின்னாளில் கணிப்பொறி உலகில் பெயர் பெற்றான் என்று எண்ணும்போது மனம் பெருமிதம் கொள்கிறது.

1950-இல், பதினோராம் வயதில், அவர் இங்கிலாந்து சென்றார். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் பயின்று 1961-இல் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்கா சென்று டெலாவேர் பல்கலைக்கழகத்தில் 1968-இல் முனைவர் பட்டம் பெற்று, ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் பணியாற்றினார். அந்த வேலை அவர் மனத்துக்கு ஒத்துவரவில்லை. அதை விட்டு, எழுத்தைத் தொழிலாகக் கொண்டார்.

அக்காலத்தில் கணிப்பொறி என்பது பெரிய நிறுவனங்களின் உடைமை. ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்ற இயந்திரங்களே மிகுதி. 1970-களின் நடுவில்தான் தனி மனிதர் வாங்கக்கூடிய சிறு கணிப்பொறிகள் வரத் தொடங்கின. அவற்றை விளக்கிச் சொல்ல நல்ல நூல்கள் இல்லை. அக்குறையை ஆஸ்போர்ன் தீர்த்தார். எளிய நடையில் நூல்கள் எழுதித் தாமே பதிப்பித்தார். நூல்கள் நன்கு விற்றன. 1979-இல் அப்பதிப்பகத்தை மக்ரா-ஹில் என்னும் பெரிய நிறுவனம் விலைக்கு வாங்கிக்கொண்டது.

அந்நாளில் கணிப்பொறியை ஒரு கடையிலும், திரையை வேறிடத்திலும், மென்பொருளை மற்றோரிடத்திலும் வாங்கி, எல்லாவற்றையும் கம்பியால் இணைத்துத் திண்டாடுவோர் பலர். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்து, ஒரே விலைக்குக் கொடுத்தால் என்ன என்று ஆஸ்போர்ன் சிந்தித்தார். மிகச் சிறந்த கருவி சிலருக்கே கிட்டும். போதுமான கருவி பலருக்கும் கிட்டும் என்பது அவர் கொள்கை. லீ ஃபெல்சென்ஸ்டைன் என்னும் பொறியாளர் அதை வடிவமைத்தார். 1981 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கண்காட்சியில் ‘ஆஸ்போர்ன் 1’ அறிமுகமாயிற்று.

பார்வைக்கு அது கைப்பிடி வைத்த தையல் மெஷின் பெட்டி போன்றது. எடை சுமார் 11 கிலோ. மூடியைத் திறந்தால் அதுவே விசைப்பலகை. நடுவில் ஐந்து அங்குலத் திரை. இருபுறமும் ஃபிளாப்பி தட்டு செருகும் வாய்கள். நினைவகம் 64 கிலோபைட். ஒரு வரியில் 52 எழுத்துகளே தெரியும். மின்கலம் இல்லாததால் சுவரில் செருகித்தான் இயக்க வேண்டும். விலை 1,795 டாலர். அதனுடன் கடிதம் எழுத வேர்ட்ஸ்டார், கணக்குப் போட சூப்பர்கால்க் முதலிய மென்பொருள்களும் சேர்ந்தே வந்தன. அவற்றைத் தனித்தனியே வாங்கினால் ஏறத்தாழ 1,500 டாலர் ஆகும்! எழுத்தாளர்களும் கணக்கர்களும் விரும்பி வாங்கினர். அலுவலக வேலையை மாலையில் வீட்டுக்குத் தூக்கிச் செல்லலாம் என்பது அன்று புதுமை. ஒரு மாதத்தில் 10,000 பெட்டிகள் விற்ற காலமும் உண்டு.

இன்று நம் பெற்றோர் கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அந்த ஃபிளாப்பி தட்டில் அடங்காது. ஆயினும் அக்காலத்தை நினைவுகூர்வோர் அன்போடுதான் நினைவுகூர்கின்றனர். 1990-களில் தம் பள்ளியின் கணிப்பொறி அறைக்குள் காலணியைக் கழற்றிவிட்டு நுழைந்ததையும், தூசி படாமல் துணி போர்த்தி வைத்திருந்ததையும் என் தந்தையார் சொல்லும்போது, கோயிலுக்குள் நுழைந்த கதை போலவே இருக்கும்.

ஏற்றத்தின் பின்னே இறக்கமும் வந்தது. காம்பாக், கேப்ரோ முதலிய போட்டியாளர்கள் பெரிய திரையுடன் வந்தனர். இந்நிலையில், அடுத்து வரப்போகும் ‘எக்ஸிகியூட்டிவ்’ என்ற மேம்பட்ட கணிப்பொறியைப் பற்றி, அது கடைக்கு வருமுன்னரே ஆஸ்போர்ன் வெளியிட்டுவிட்டார். புதியது வரட்டும் என்று மக்கள் காத்திருந்தனர். பழையது கிடங்கில் தேங்கியது. 1983 செப்டம்பரில் நிறுவனம் திவாலானது. இரண்டரை ஆண்டுகளில் ஏறியதும் இறங்கியதும் முடிந்துவிட்டன. வீழ்ச்சிக்குக் காரணம் அது ஒன்று மட்டுமன்று, போட்டியும் நிர்வாகக் குறைகளும் கூட என்பது ஆராய்ந்தோர் கருத்து. ஆயினும், புதிய பொருளை முன்கூட்டி அறிவித்துப் பழையதன் விற்பனையைக் கெடுத்துக்கொள்வதை வணிக உலகம் இன்றும் ‘ஆஸ்போர்ன் விளைவு’ என்றே அழைக்கிறது.

அவர் சோர்ந்துவிடவில்லை. 1984-இல் மலிவு விலையில் மென்பொருள் விற்கும் நிறுவனம் தொடங்கினார். லோட்டஸ் நிறுவனம் 1987-இல் அதன்மீது வழக்குத் தொடுத்தது. 1990-இல் தீர்ப்பு அவருக்கு எதிராக அமைந்தது. உடல்நலமும் குன்றியது. செல்வமும் புகழும் கண்ட அமெரிக்காவில் அவர் தங்கவில்லை; 1992-இல் இந்தியாவுக்குத் திரும்பி, கொடைக்கானலில் சகோதரியின் வீட்டில் வாழ்ந்தார். மூளையைத் தாக்கிய நோயுடன் நெடுநாள் போராடி, 2003 மார்ச் 18-ஆம் நாள், தம் 64-ஆம் வயதில், அம்மலையூரிலேயே காலமானார்.

தோழியரே, ஒரு மனிதரின் பெயர் அவருடைய தோல்விக்கு அடையாளமாக நிற்பது எவ்வளவு வருத்தத்துக்குரியது! பேருந்திலும் இரயிலிலும் மடிக்கணினியைத் திறந்து வேலை செய்வோரைக் காணும்போது, கணிப்பொறியை அறையிலிருந்து கைக்கு மாற்றத் துணிந்து முன்னின்றவர்களுள் ஒருவர் அவர் என்பதையும் நாம் நினைக்க வேண்டாமா? நாளை செய்யவிருப்பதைச் செய்து முடித்தபின் சொல்வோம் என்பது அவருடைய வீழ்ச்சி தரும் பாடம். சிலருக்கே கிட்டியதைப் பலருக்கும் கிட்டச் செய்வோம் என்பது அவருடைய வாழ்வு தரும் பாடம். இரண்டில் பின்னதே பெரிது. அதை நெஞ்சில் நிறுத்தி, நாம் கற்கும் கல்வி பிறர்க்கும் பயன்படுமாறு வாழ்வோமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி