பிடி அரிசிப் பள்ளியின் பிள்ளை

விருதுநகர் ஈன்ற பெருந்தலைவர் காமராசரை அறியாதார் நம் பங்கில் எவருமிலர். ஆயினும், இந்த யூபிலி மலரைப் புரட்டும் சிறுவர் சிறுமியருக்காக அவர் வாழ்வை ஈண்டு சுருக்கமாக நினைவுகூர விழைகின்றோம்.

1903-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15-ஆம் நாள் குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். அவர் பயின்ற சத்திரிய வித்தியாசாலை, பிடி அரிசியால் வளர்ந்த பள்ளி. உலை வைக்குமுன் தாய்மார் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பர். வீடு வீடாகச் சேர்ந்த அந்த அரிசி பள்ளிச் செலவுக்குப் பயன்பட்டது. எளிய குடும்பத்தாரும் அக்கொடையில் பங்கு கொண்டனர்.

இளமையிலேயே தந்தையை இழந்த காமராசர், படிப்பைப் பாதியில் நிறுத்தி, மாமாவின் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். தமக்குக் கிட்டாத கல்வியை எண்ணி மனம் கசந்திருக்கலாம். அவரோ பிற பிள்ளைகளுக்கு அது கிட்ட வேண்டுமென்று உழைத்தார்.

1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்த காலத்தில் ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்தார். பசித்த வயிற்றோடு பாடம் ஏறாது என்று உணர்ந்து, 1956-இல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கினார். பொதுமக்களின் நன்கொடையும் அரசின் உதவியும் அதற்குத் துணை நின்றன. தாம் பயின்ற பள்ளியைத் தாங்கிய பிடி அரிசி, நாடெங்கும் பிள்ளைகளின் தட்டில் சோறாக விழுந்தது என்றே நாம் எண்ணுகின்றோம்.

சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களில் பள்ளிக்குப் போக வேண்டிய பிஞ்சுக் கைகள் தீப்பெட்டி அடைத்த காலத்தை நம்மில் மூத்தோர் மறந்திரார். அத்தகைய வீடுகளில் ஒருவேளைச் சோறு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் தாய்க்குத் துணிவு தந்தது.

1975 அக்டோபர் 2-ஆம் நாள் அவர் மறைந்தார். பதவியைக் கொண்டு அவர் சொத்து எதுவும் சேர்க்கவில்லை. 1976-இல் பாரத ரத்னா விருது அவருக்கு அளிக்கப்பட்டது. அவர் பிறந்த நாளை இன்று நம் பள்ளிகள் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுகின்றன.

பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே! நன்றியுணர்வைப் பிள்ளைகளுக்குப் பாடமாக மட்டும் சொன்னால் அது செவியோடு நின்றுவிடும். தான் உண்ணுமுன் ஒரு பிடியைப் பிறர்க்கென எடுத்து வைக்கும் குழந்தையின் கையில் அது பழக்கமாகும். இந்த யூபிலி ஆண்டில் நம் மறைக்கல்விச் சிறார் வாரந்தோறும் ஒரு பிடி அரிசி கொணரட்டும். அது நம் பங்கின் ஏழை இல்லங்களுக்குச் செல்லட்டும். இன்று அரிசி பெறும் வீட்டுப் பிள்ளையும் நாளை ஒரு பிடி கொடுக்கும் நிலைக்கு உயர இறைவனை இறைஞ்சுவோம்.