ஸ்வெத்லானா என்னும் பெயரும் கவிஞர் ஷுக்கோவ்ஸ்கியும்

பிள்ளைக்குப் பெயரிடுதல் எந்நாட்டிலும் பெற்றோர்க்குரிய உரிமை. இறைவன் பெயர், பாட்டன் பெயர், நாளும் கோளும் பார்த்துத் தெரிந்த பெயர் என எதனை இட்டாலும், அது முன்னரே வழக்கில் உள்ள பெயராகவே பெரும்பாலும் இருக்கும். அவ்வாறன்றி, ஒரு நாட்டில் இலட்சக்கணக்கான பெண்கள் தாங்கும் பெயரொன்று பாட்டிலிருந்து இறங்கி வீடுகளுட் புகுந்தது என்றால் வியப்பன்றோ? உருசிய நாட்டில் ஸ்வெத்லானா என்னும் பெயரின் வரலாறு அத்தகையது. அப்பெயரைப் பற்றி எழுதப் புகுந்த நான், வசீலி ஷுக்கோவ்ஸ்கி என்னும் கவிஞரின் வாழ்க்கையையே எழுதவேண்டியவனானேன்.

முதலிற் பொருளைக் கூறிவிடுகிறேன். உருசிய மொழியில் ஸ்வெத் என்றால் ஒளி. உலகம் என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. ஸ்வெத்லி என்றால் ஒளியுடைய என்பது. அதனோடு பெண்பாற் பெயர்களில் வரும் ஆனா என்னும் ஈறு சேர ஸ்வெத்லானா, ஒளியுடையாள், ஆயிற்று. வெண்மையைக் குறிக்க வடமொழியிலிருந்து நாம் பெற்ற சுவேதம் என்ற சொல்லும் இந்த ஸ்வெத்தும் ஒரு வேரிற் கிளைத்தவை என்பது மொழிநூலார் துணிபு.

கேட்பவர்க்கு இது மிகப் பழைய ஸ்லாவியப் பெயர் போலவே தோன்றும். லியுத்மிலா என்ற பெயர் உண்மையிலேயே பழையது. மக்களுக்கு இனியவள் என்று பொருள்படுவது. பத்தாம் நூற்றாண்டிற் கொலையுண்ட பொகீமிய நாட்டுப் புனிதை ஒருத்தியின் பெயர். ஸ்வெத்லானாவுக்கு அத்தகைய பழமை இல்லை. 1802 ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் வொஸ்தோக்கோவ் என்பவர் ஸ்வெத்லானாவும் ம்ஸ்திஸ்லாவும் என்றொரு கதைச் செய்யுள் இயற்றினார். அதிலேதான் இப்பெயர் முதன்முதலாக இலக்கியத்திற் காணப்படுகிறது. இந்த வொஸ்தோக்கோவ் பிற்காலத்தில் ஸ்லாவிய மொழிநூலின் முன்னோடிகளுள் ஒருவராகப் போற்றப்பட்டவர். அவர் பால்டிக் கடலிலுள்ள தீவொன்றில், ஜெர்மானியப் பிரபு ஒருவருக்கு மணவாழ்க்கைக்குப் புறம்பே பிறந்தவர். தந்தையின் முழுப்பெயர் அவருக்குக் கிட்டவில்லை. ஒஸ்தெனெக் என்று ஒரு பெயர் ஆக்கி வைத்தார்கள். ஜெர்மன் மொழியில் ஒஸ்த் என்றால் கிழக்கு. அதையே உருசிய மொழியாக்கி, வொஸ்தோக்கோவ் என்று தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்டார்.

அவர் ஆக்கிய பெயரை நாடெங்கும் பரப்பிய ஷுக்கோவ்ஸ்கியின் பிறப்பும் அதே வகையினது என்பதை அறிந்தபோதுதான் இக்கட்டுரை எழுதும் எண்ணம் எனக்கு உண்டாயிற்று.

ஷுக்கோவ்ஸ்கி 1783 இல், தூலா மாகாணத்து மிஷென்ஸ்கொயே என்னும் ஊரிற் பிறந்தார். தந்தை அவ்வூர் நிலக்கிழார் அபனாசி பூனின். தாய் துருக்கியப் பெண். சல்ஹா என்பது அவள் பெயர். உருசிய துருக்கியப் போரில், 1770 இல் பெந்தேர்க் கோட்டை வீழ்ந்தபோது சிறைப்பட்டு அப்பண்ணைக்குக் கொண்டுவரப்பட்டவள். அங்கே அவளுக்குத் திருமுழுக்கு அளித்து எலிசவேத்தா என்று பெயரிட்டனர். பூனினுக்கு மனைவியும் மக்களும் இருந்தமையால் சல்ஹாவின் மகன் பூனின் ஆக இயலவில்லை. அந்த வீட்டிலே அண்டி வாழ்ந்த ஏழைப் பெருங்குடியினர் ஒருவர், அந்திரேய் ஷுக்கோவ்ஸ்கி, ஞானத்தந்தையாக நின்று தம் பெயரைப் பிள்ளைக்கு அளித்தார். ஒருவனுடைய தந்தை இன்னார் என்பதை அவன் பெயரிலேயே காட்டுவது உருசிய மரபு. வசீலி அந்திரேயெவிச் ஷுக்கோவ்ஸ்கி என்று அழைக்கப்பட்ட போதெல்லாம், பெற்ற தந்தையல்லாத வேறொருவரின் பெயரே அவர்மீது கூறப்பட்டது. தாய்க்கும் இரவற் பெயர்; மகனுக்கும் இரவற் பெயர்.

வளர்ப்பிற் குறையிருந்ததெனச் சொல்லமுடியாது. பூனினின் மனைவி தன் மகனை இழந்திருந்தவள். கணவனுக்குப் பிறந்த இப்பிள்ளையைத் தன் பிள்ளை போலவே வளர்த்தாள். அதே வீட்டில் பெற்ற தாயோ வீட்டுக் காரியம் பார்க்கும் பணியாளாக இருந்தாள். அப்பெண்கள் இருவரும் 1811 இல், சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தார்கள்.

மாஸ்கோவிற் பயின்ற ஷுக்கோவ்ஸ்கி, 1802 இல் ஆங்கிலக் கவிஞர் தோமஸ் கிரேயின் கல்லறைத் தோட்டத்து இரங்கற்பாவை மொழிபெயர்த்து வெளியிட்டுப் புகழ்பெற்றார். அதன்பின் ஜெர்மானியக் கவிஞர் பியூர்கரின் லெனோரே என்ற கதைப்பாடல் அவர் கருத்தைக் கவர்ந்தது. போருக்குச் சென்ற காதலன் வாராமையாற் கடவுளை நிந்திக்கிறாள் ஒரு பெண். நள்ளிரவிற் குதிரையேறி வருகிறான் காதலன். அவளை ஏற்றிக்கொண்டு போகிறான். போய்ச் சேருமிடம் அவனுடைய புதைகுழி. இக்கதையை 1808 இல் லியுத்மிலா என்ற பெயரில் உருசிய மண்ணுக்கேற்ப மாற்றிப் பாடினார். அவ்வாண்டிலேயே மீண்டும் அதைத் தொட்டு, 1812 வரை திருத்தித் திருத்தி எழுதி, 1813 இல் வெளியிட்டதுதான் ஸ்வெத்லானா. 1831 இல் மூன்றாம் முறையும் மூலத்தை ஒட்டி மொழிபெயர்த்தார். ஒரே கதையை ஒரே கவிஞர் மும்முறை பாடுவது அரிது. எனக்கு இரண்டாவதே சிறந்ததாகப் படுகிறது; அதிலேதான் அவர் மூலத்துக்கு அடங்க மறுத்தார்.

ஆண்டவரின் திருமுழுக்குத் திருநாளுக்கு முந்திய இரவு. உருசியக் கன்னிப்பெண்கள் வருங்காலம் அறியக் குறி பார்க்கிறார்கள். செருப்பை வாயிலுக்கு வெளியே எறிகிறார்கள். உருக்கிய மெழுகை வார்க்கிறார்கள். கிண்ணத்து நீரில் மோதிரம் இடுகிறார்கள். ஓராண்டாகக் காதலனிடமிருந்து செய்தி காணாத ஸ்வெத்லானா நள்ளிரவில் விளக்கேற்றிக் கண்ணாடிமுன் தனியே அமர்கிறாள். காதலன் வருகிறான், பனிமேற் சறுக்குவண்டி பறக்கிறது, தேவாலயத்துள் ஒரு பிணப்பெட்டி, பின்னர் தனிக்குடிசை ஒன்றில் ஒரு பிணம், பிணம் எழ முயல, வெண்புறா ஒன்று அவளைக் காக்கிறது, பிணத்தின் முகம் காதலன் முகம். அலறி விழிக்கிறாள். அத்தனையும் கனவு. பொழுது புலர்கிறது, மணியோசையுடன் வண்டி வருகிறது, காதலன் உயிரோடு வந்து நிற்கிறான். பியூர்கர் சாவாக முடித்ததை ஷுக்கோவ்ஸ்கி கனவாக்கிக் கலைத்துவிட்டார்.

இவ்விடத்தில் அப்பெயரின் ஓசையைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். நம் செய்யுளில் எதுகையும் மோனையும் அடியின் தலையில் நின்று ஒலிக்கும். உருசியர்க்கு ஓசை ஒன்றுவது அடியின் இறுதியில்; நம் யாப்பில் இயைபுத் தொடை என்பதற்கு நிகரானது. அழுத்தம் பெறும் உயிரெழுத்திலிருந்து சொல்லின் இறுதிவரை ஒத்திருத்தல் வேண்டும் என்பது அவர்கள் விதி. ஸ்வெத்லானாவில் அழுத்தம் லா என்பதன்மேல் விழுவதால், ஆனா என முடியும் சொற்களே அதற்கு இயைபாகும். ஷுக்கோவ்ஸ்கி தெரிந்தெடுத்தவை எவை? பாட்டின் தொடக்கத்தே துமானா. மூடுபனியினது என்று பொருள். விடிந்தபின் அவள் சாளரத்தருகே அமரும்போதும் அதே துமானா. ஒளியுடையாளின் பெயரை மூடுபனியோடு இணைத்தது வெறும் வாய்ப்பொலிக்காக என்று நான் நினைக்கவில்லை. பாட்டின் இறுதியிலே மணமகளை வாழ்த்துமிடத்தில் வந்த இயைபு ரானா. அதன் பொருள் புண். துயரின் புண் எதுவும் அவளைத் தீண்டாதிருக்க இறைவன் காக்க என்று வேண்டுகையில், அவள் பெயரோடு ஒலியால் ஒன்றி நிற்பது புண் என்னும் சொல்லே. இந்த ரானாவையும் வடமொழியின் விரணம் என்பதையும் ஓரினமாகக் காட்டுவர் சொல்லாராய்ச்சியாளர்; நம் ஊர்ப் பேச்சில் இரணம் என்று வழங்குவதும் அதுவே.

அந்த வாழ்த்துக்குரிய மணமகள் கற்பனைப் பெண்ணல்லள். அவளைப் பற்றிக் கூறுமுன் அவள் தமக்கையைப் பற்றிக் கூறவேண்டும். பூனினின் மகள் யெக்கத்தரீனா புரத்தாசொவாவுக்கு மாஷா, சாஷா என்று பெண்கள் இருவர். அவர்களுக்கு ஆசிரியராக இருந்து கற்பித்தவர் ஷுக்கோவ்ஸ்கி. மூத்தவள் மாஷாவின்மேல் அவர் கொண்ட காதல் வாழ்நாள் முழுதும் நிலைத்தது. அவளும் அவரை விரும்பினாள். தாய் மறுத்தாள். யெக்கத்தரீனாவும் ஷுக்கோவ்ஸ்கியும் ஒரு தந்தையின் மக்களாதலால், அவர் மாஷாவுக்கு மாமன். திருச்சபை இதனை ஏற்காது என்பது தாயின் வாதம். (தமிழகத்தின் பல ஊர்களில் இம்முறையே மணத்துக்குரிய முறையாக இருந்திருக்கும்.) ஆனால் ஏட்டின்படி அவர் அந்திரேய் ஷுக்கோவ்ஸ்கியின் மகன், பூனின் குடும்பத்துக்கு அயலார், சட்டத்திலே தடையில்லை. பிறந்தபோது இரத்த உறவை மறைத்துப் பெயரை மறுத்த குடும்பம், மணம் பேசும்போது பெயரைத் தள்ளி இரத்த உறவைக் காட்டிற்று. இருமுறையும் இழந்தவர் அவரே. திருச்சபைப் பெரியோரை நாடி அவர் செய்த முயற்சிகள் தாயின் உள்ளத்தை மாற்றவில்லை. மாஷா 1817 இல் தோர்ப்பாத் நகரத்து அறுவை மருத்துவப் பேராசிரியர் மொயர் என்பவரை மணந்தாள். 1823 இல் பேறுகாலத்தில் இறந்தாள். அதற்குச் சில நாட்களின் முன்னரே ஷுக்கோவ்ஸ்கி அவளைக் கண்டு விடைபெற்று வந்திருந்தார்.

இளையவள் சாஷா என்னும் அலெக்சாந்திரா, 1814 இல் எழுத்தாளர் வயேய்க்கோவ் என்பவரை மணந்தாள். ஷுக்கோவ்ஸ்கி தமக்கிருந்த சிறு நிலத்தை விற்று அவளுக்குச் சீதனப் பணம் கொடுத்தார். திருமணப் பரிசாக அவர் அவளுக்குக் காணிக்கையாக்கிய பாட்டே ஸ்வெத்லானா. அன்றுதொட்டு நண்பர் வட்டத்தில் அவள் ஸ்வெத்லானா என்றே அழைக்கப்பட்டாள். பீட்டர்ஸ்பர்க்கில் அவள் இல்லத்திற் கவிஞர் கூடினர். ஆயினும் கணவன் கொடியவனாக வாய்த்தான். பாட்டு வேண்டிய வாழ்வு அவளுக்குக் கிட்டவில்லை. 1829 இல், நோயுற்று இத்தாலி சென்ற இடத்தில் இறந்தாள். பாட்டிலே கனவு பொய்யாயிற்று, வாழ்த்து மெய்யாகவில்லை.

பெயரின் வேடிக்கையான பயணம் ஒன்றும் உண்டு. 1815 இல் இளங்கவிஞர்கள் அர்ஸமாஸ் என்றொரு கழகம் அமைத்துப் பழமைவாதிகளை எள்ளி நகையாடினர். உறுப்பினர்க்கெல்லாம் ஷுக்கோவ்ஸ்கியின் கதைப்பாடல்களிலிருந்து பெயர்கள் வழங்கப்பட்டன. ஷுக்கோவ்ஸ்கிக்குக் கிடைத்த பெயர் ஸ்வெத்லானா! இளைஞர் புஷ்கினுக்குச் சில்வண்டு என்று பெயர். அந்தச் சில்வண்டும் ஸ்வெத்லானா பாட்டில் நள்ளிரவிற் கூவுவதே. பிற்காலத்திற் புஷ்கின் தம் யெவ்கேனி ஒனேகினில் தத்தியானாவைப் படைத்தபோது, அவள் கனவு காணும் ஐந்தாம் இயலில் ஸ்வெத்லானாவை நினைவுகூர்ந்து, இரு பெயர்களையும் அடியிறுதியில் இயைபாக வைத்தார். ஆசிரியருக்கு மாணவர் செலுத்திய வணக்கம் அது. 1820 இலேயே ஷுக்கோவ்ஸ்கி தம் படமொன்றை அவருக்களித்து, தம்மை வென்ற மாணவர் என்று அதில் எழுதிக் கொடுத்திருந்தார். 1837 இல் புஷ்கின் குண்டடிபட்டுக் கிடந்தபோது அருகிருந்தவரும் அவரே.

அரண்மனை வாழ்வை நான் விரித்துரைக்கவில்லை. இளவரசிக்கு உருசிய மொழி கற்பித்தார். 1826 முதல் இளவரசர் அலெக்சாந்தரின் கல்வியை நெறிப்படுத்தினார். 1861 இல் பண்ணையடிமைகளை விடுவித்த அரசர் அந்த மாணவரே. சிறைப்பட்ட பெண்ணின் மகனான ஆசிரியர் அதைக் காண உயிரோடில்லை. எனினும் 1838 இல், தம் உருவத்தை ஓவியர் பிரியுல்லோவைக் கொண்டு தீட்டுவித்து, அதனைச் சீட்டுக் குலுக்கலில் விட்டுச் சேர்ந்த 2500 ரூபிளால் உக்ரேனியக் கவிஞர் தராஸ் ஷெவ்சென்கோவை அடிமைத்தளையிலிருந்து மீட்ட செயலில் அவர் பங்கு பெரிது.

1841 இல், ஐம்பத்தெட்டு வயதில், ஓவிய நண்பர் ஒருவரின் இளம் மகளை மணந்து ஜெர்மனியிற் குடியமர்ந்தார். ஒதிசியை மொழிபெயர்த்து 1849 இல் முடித்தார். கிரேக்கம் அறியாதவர், ஜெர்மானிய அறிஞர் ஒருவர் சொல்லுக்குச் சொல் எழுதிக் கொடுத்ததைத் துணையாகக் கொண்டு அதைச் செய்தார். வீடு திரும்பப் பத்தாண்டு அலைந்தவனின் கதையைப் பாடிய அவர், உயிரோடு நாடு திரும்பவில்லை. 1852 இல் பாடன் நகரில் இறந்தார். உடல் பீட்டர்ஸ்பர்க்கில் அடக்கஞ் செய்யப்பட்டது.

1842 இல் பிறந்த மகளுக்கு அவர் அலெக்சாந்திரா என்று பெயரிட்டார். அரசியின் பெயரும் அதுவே. சாஷாவின் பெயரும் அதுவே. விரும்பியிருந்தாலும் ஸ்வெத்லானா என்று திருமுழுக்குப் பெயர் இட்டிருக்க முடியாது. புனிதர் பட்டியலில் இல்லாத பெயரைத் திருச்சபை ஏற்பதில்லை. ஆதலால் நெடுங்காலம் அது வீட்டுப் பெயராகவும் கப்பற் பெயராகவுமே வழங்கிற்று. 1905 இல் சுஷிமாப் போரில் மூழ்கிய போர்க்கப்பல்களுள் ஒன்று ஸ்வெத்லானா. 1917 புரட்சிக்குப்பின் பெயர்ப்பதிவு திருச்சபையின் கையிலிருந்து நீங்கவே, பெயர் வெள்ளமாகப் பரந்தது. 1926 இற் பிறந்த ஸ்தாலினின் மகள் ஸ்வெத்லானா. 1984 இல் விண்கலத்துக்கு வெளியே வந்து பணிசெய்த முதற்பெண் ஸ்வெத்லானா சவித்ஸ்கயா. 2015 இல் இலக்கியத்துக்கான நொபெல் பரிசு பெற்றவர் பெலாருஸ் நாட்டு ஸ்வெத்லானா அலெக்சியேவிச். கிரேக்கத்தில் ஒளி என்று பொருள்படும் ஃபொத்தினியா என்ற புனிதையின் நாளை, பக்தியுள்ள ஸ்வெத்லானாக்கள் இன்று தம் பெயர்நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

இக்கதைப்பாடலைத் தமிழிற் பெயர்க்கச் சிலகாலமாக முயன்று வருகிறேன். பெயரை ஒளிமகள் என்று மாற்றினாற் பொருள் நிற்கும். மூடுபனியும் இரணமும் அவளை விட்டுப் பிரிந்துவிடும். பெயரை அவ்வாறே வைத்தால் அதற்கு இயைபாகத் தமிழில் ஆனா என முடியும் சொல் எளிதிற் கிடைப்பதில்லை. பலமுறை மாற்றி எழுதியபின், பெயரைத் தொடாமலே விட்டிருக்கிறேன். வாழ்த்துப் பகுதி மட்டும் இன்னும் முடியவில்லை.