மூளையை வரைந்த ஓவியர்

ஓவியனாக வேண்டும் என்பது மகனின் ஆசை. மருத்துவனாக்கியே தீருவேன் என்பது தந்தையின் பிடிவாதம். படிப்பில் அக்கறையில்லாத மகனை, முடிதிருத்துபவரிடமும் பிறகு காலணி தைப்பவரிடமும் தந்தை வேலை பழக அனுப்பினார். அந்த அடங்காத சிறுவன்தான் பின்னாளில் நவீன நரம்பியலின் தந்தை எனப் போற்றப்பட்ட சந்தியாகோ ரமோன் இ கஹால்.

1852 மே 1-ஆம் நாள் ஸ்பெயினில் ஒரு சிற்றூரில் பிறந்தார் கஹால். இடுகாட்டில் கிடைத்த எலும்புகளைக் காட்டி, அவற்றை வரையச் சொல்லி, தந்தை அவருக்கு உடற்கூற்றியல் கற்பித்தார். ஓவியமும் மருத்துவமும் அங்கே கைகோத்தன. 1873-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். ராணுவ மருத்துவராகக் கியூபா சென்று, மலேரியாவால் நலிந்து திரும்பினார். சேமித்த பணத்தில் நுண்ணோக்கி வாங்கி, வீட்டிலேயே ஆய்வைத் தொடங்கினார்.

மூளை முழுவதும் இடைவெளியற்ற ஒரே வலைப்பின்னல் என்று அன்று பலரும் நம்பினர். இத்தாலிய அறிஞர் கோல்ஜி கண்டறிந்த வெள்ளிச் சாயமுறையைக் கஹால் 1887-இல் அறிந்து, அதை மேலும் செம்மைப்படுத்தினார். முதிர்ந்த மூளையில் எல்லாம் பின்னிக் கிடக்கும். வளரும் மூளையிலோ ஒவ்வொன்றும் தனித்துத் தெரியும் என்று எண்ணி, இளம் பறவைகளையும் முட்டைக்குள் வளரும் குஞ்சுகளையும் ஆராய்ந்தார். நரம்பணுக்கள் தனித்தனியானவை என்று 1888-இல் அறிவித்தார். சொந்தச் செலவில் இதழ் நடத்தி அதை வெளியிட்டார்.

ஸ்பானிய மொழியில் வந்ததைப் படிப்பார் இல்லை. மனம் தளராமல் 1889-இல் பெர்லின் மாநாட்டுக்குச் சென்று, அறிஞர்களை நுண்ணோக்கி வழியே நேரில் பார்க்க வைத்தார். உலகம் திரும்பிப் பார்த்தது. 1906-இல் நோபல் பரிசு அவருக்கும் கோல்ஜிக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அந்த மேடையிலும் கோல்ஜி, கஹாலின் கொள்கையை ஏற்கவில்லை!

ஆனால் கஹாலும் ஒரு முடிவைச் சொல்லிச் சென்றார். வளர்ந்த மூளையின் நரம்புப் பாதைகள் மாறாதவை, அவை மீண்டும் உருவாகா என்பதே அது. முடிந்தால் அதை மாற்றும் பொறுப்பை வருங்கால அறிவியலிடம் விட்டார். 1934-இல் மறைந்தார்.

அவர் விட்டுச்சென்ற கேள்வியை அமெரிக்காவில் ஜோசப் ஆல்ட்மனும், இந்தியரான கோபால் தாஸும் கையில் எடுத்தனர். பிறந்த பின்னும் எலியின் மூளையில் புதிய நரம்பணுக்கள் தோன்றுகின்றன என்று 1965-இல் எழுதினர். கஹால் காலத்து நம்பிக்கை வேரூன்றியிருந்ததால், பல ஆண்டுகள் அதைப் பலர் பொருட்படுத்தவில்லை. 1998-இல் வளர்ந்த மனித மூளையிலும் அதற்கான சான்று கிடைத்தது. மனிதரில் அது எந்த அளவு நடக்கிறது என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

மாணவர்களே, யாரும் படிக்காத மொழியில் எழுதியவர் உலகையே ஏற்க வைத்தார். பிறகு உலகமே ஏற்ற அவர் முடிவு தடையாகவும் நின்றது. பெரியவர் சொன்னதை மதித்துக் கற்போம். அதையும் சோதித்துப் பார்க்கத் தயங்காதிருப்போம்.