கதவைத் தட்டிக் கேட்ட கணக்கு

காரைக்குடியில் பொருளியல் கற்பித்த காலத்தில் மாணவர்கள் ஆண்டுதோறும் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுண்டு: தெருவுக்கு நான்கு பட்டதாரிகள் வேலையின்றி இருக்க, அரசு சொல்லும் வேலையின்மை விகிதம் மட்டும் எப்படிக் குறைவாக இருக்கிறது? பிரசந்த சந்திர மஹலனோபிஸின் வாழ்க்கையிலிருந்தே என் விடையைத் தொடங்குவேன்.

1893 ஜூன் 29-இல் கொல்கத்தாவில் பிறந்த அவர், கேம்பிரிட்ஜில் இயற்பியல் பயின்றார். தாயகம் திரும்பிய கப்பலில் படித்த புள்ளியியல் இதழ்கள் அவர் திசையை மாற்றின. 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். வங்கத்தில் சணல் விளையும் பரப்பை, சில நிலங்களை மட்டும் அளந்து மதிப்பிட்டுக் காட்டினார். ஒரே பகுதிக்கு இரு குழுக்களைத் தனித்தனியே அனுப்பி, விடைகளை ஒப்பிட்டுப் பிழையை அறிவது அவர் வகுத்த முறை.

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் சிற்பி என்றே அவரைப் பலரும் அறிவர். 1950-இல் அவர் முயற்சியால் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வையே நான் பெரிதாகக் கருதுகிறேன். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவேடு தேடி வருவோரை மட்டுமே எண்ணும். இந்த ஆய்வோ வீடு தேடிச் செல்லும்.

அவர் 1972 ஜூன் 28-இல் மறைந்தார். அதே ஆண்டு அக்டோபரில், தாந்த்வாலா குழுவின் பரிந்துரைப்படி, ஆண்டு, வாரம், நாள் என மூன்று அளவுகோல்களுடன் வேலைவாய்ப்பு ஆய்வு தொடங்கியது. சுயதொழில் மிகுந்த நாட்டில் ஒற்றை எண் போதாது என்பதே காரணம்.

மாணவர்களின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஆத்தங்குடியில் தரைக்கல் வார்ப்பவர் வாரத்தில் ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலும் வாரக் கணக்கில் வேலையில் உள்ளவரே. முதுகலை முடித்துத் தந்தையின் கடையில் ஊதியமின்றி நிற்கும் இளைஞரும் அப்படியே. வேலை தேடுவதையே கைவிட்டு, வேலைக்கு ஆயத்தமாகவும் இல்லாத பெண் உழைப்பாளர் தொகையிலேயே சேரமாட்டார். 2023-24-இல் ஆண்டுக் கணக்கின்படி 15 வயதும் அதற்கு மேலும் உள்ளோரிடையே வேலையின்மை 3.2 விழுக்காடு. அந்த எண் பொய்யன்று. அது விடையளிப்பது வேறொரு கேள்விக்கு. வேலை இருக்கிறதா என்று அது கேட்கிறது. அந்த வேலை வாழப் போதுமா என்று கேட்பதில்லை.

மஹலனோபிஸின் பிறந்தநாள் இன்று தேசியப் புள்ளியியல் நாள். விழா எடுப்பதோடு நில்லாமல், வேலையின்மை விகிதத்தை அறிவிக்கும்போதெல்லாம் ஊதியத்தையும் ஊதியமற்ற உழைப்பையும் அதே வரியில் அரசு சொல்லட்டும். கணக்கெடுப்பாளர் கதவைத் தட்டினால் நாமும் உள்ளதை உள்ளபடி சொல்வோம்.