அடித்தலில் பிறந்த ஓவியம்

எழுதிய சொல் பிழையாகிவிட்டால் நாம் அதன்மேல் ஒரு கோடு கிழித்துவிட்டு அடுத்த சொல்லுக்குச் செல்கிறோம். வங்கக் கவிஞர் இரவீந்திரநாத் தாகூருக்கு அவ்வாறு செல்ல மனம் வரவில்லை. அடித்த சொற்கள் தாளில் அங்கங்கே காயங்கள்போல் கிடப்பது அவர் கண்ணை உறுத்தியது. ஆகவே, ஓர் அடித்தலை மற்றோர் அடித்தலோடு கோட்டால் இணைத்தார். கோடு வளைந்து கழுத்தாயிற்று. கழுத்தின் முனையில் அலகு முளைத்தது. கவிதை ஏட்டில் பெயரறியாப் பறவையொன்று வந்து அமர்ந்தது.

தாகூர் 1861ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் கொல்கத்தாவின் ஜோராசாங்கோ இல்லத்தில் பிறந்தார். 1913இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்றார். இவை நீங்கள் அறிந்தவை. அவர் ஓவியரானது எப்போது என்பதே பலரும் அறியாதது.

இளமை முதலே அவருக்கு வரைவதில் ஆசை உண்டு. ஆனால், கை இணங்கவில்லை. நாற்பதை நெருங்கிய வயதில் அறிவியலறிஞர் ஜகதீச சந்திர போசுக்கு எழுதிய மடலொன்றில், தாம் பென்சிலைவிட அழிப்பானையே மிகுதியாகப் பயன்படுத்துவதாகத் தம்மைத் தாமே நகையாடிக்கொண்டார். அவர்தம் குடும்பத்திலேயே அவனீந்திரநாதர், ககனேந்திரநாதர் என்னும் பேரோவியர் இருவர் இருந்தனர். சாந்திநிகேதனில் அவர் நிறுவிய கலாபவனத்திலோ நந்தலால் போஸ் ஓவியம் பயிற்றுவித்தார். இத்தகையோர் நடுவே, முறையாகப் பயிலாத முதியவர் ஒருவர் தூரிகை எடுப்பது எளிதன்று. உலகப் புகழ் பெற்றவர் என்பதால் அவருக்குக் கூச்சம் குறைந்திருக்கும் எனக் கருத வேண்டா. மிகுந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1924ஆம் ஆண்டில் பெரு நாட்டிற்குக் கப்பலில் சென்றபோது தாகூர் நோயுற்றார். அர்ஜென்டினாவில் இறங்கி, விக்டோரியா ஒகாம்போ என்னும் எழுத்தாளரின் விருந்தினராகத் தங்கி உடல் தேறினார். அங்கு எழுதிய 'பூரபி' கவிதைகளின் கைப்படிகளில் அடித்தல்கள் விலங்குகளாகவும் முகங்களாகவும் உருமாறியிருந்தன. அவற்றை ஒகாம்போ வியந்து நோக்கினார்.

சில ஆண்டுகளில் அவ்வுருவங்கள் கவிதை ஏட்டை விட்டுத் தனித்தாளுக்குக் குடிபெயர்ந்தன. தாகூர் வண்ண மைகளைக் கையாண்டார். விரலாலும் துணியாலும் மையைத் தேய்த்தார். பெரும்பாலும் ஒரே அமர்வில் ஒரு படத்தை முடித்துவிடுவார். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் அவர் கண்ணுக்குக் குறை இருந்திருக்கலாம் என ஆய்வாளர் சிலர் கருதுவர். அவர் படங்களிலுள்ள வண்ணச் சேர்க்கை பிறர் படங்களில் காண்பதற்கு அரியதாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

ஏறத்தாழ 13 ஆண்டுகளில் அவர் வரைந்தவை 2,000க்கும் மேற்பட்டவை. கணக்கிட்டுப் பாருங்கள்: இரண்டு, மூன்று நாளுக்கு ஒரு படம்! இதற்கிடையே கவிதை, பாடல், பள்ளிப் பணி, அயல்நாட்டுப் பயணம் ஆகியவையும் நின்றுவிடவில்லை.

1930ஆம் ஆண்டு மே மாதம், ஒகாம்போவின் துணையோடு பாரிசு நகரில் அவருடைய முதல் ஓவியக் கண்காட்சி நடைபெற்றது. அப்போது அவர் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். தொடர்ந்து இலண்டன், பெர்லின், மாஸ்கோ, நியூயார்க் முதலிய நகரங்களிலும் அப்படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. கொல்கத்தாவிலோ பலர் திகைத்தனர். இனிய பாடல்களைத் தந்த கை, துயரம் தேங்கிய கண்களையுடைய பெண்களையும் எக்காட்டிலும் காணவியலாத விலங்குகளையும் ஏன் வரைகிறது என்று அவர்களுக்கு விளங்கவில்லை. தாகூர் விளக்கம் தரவில்லை. படங்களுக்குத் தலைப்பிடவும் விரும்பவில்லை. காண்பவர் தாமே கண்டுகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

1937இல் கடும் நோயால் நினைவிழந்தார். நினைவு திரும்பியதும் அவர் முதலில் கேட்டது வண்ணங்களையும் தூரிகையையுமே என்பர் அவர் வரலாற்றை எழுதியோர். படுக்கையில் இருந்தவாறே ஒரு நிலக்காட்சியை வரைந்தார்.

1941ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள், தாம் பிறந்த இல்லத்திலேயே மறைந்தார். அவர்தம் ஓவியங்கள் இன்று நாட்டின் கலைச்செல்வமாகப் பாதுகாக்கப்படுகின்றன. தில்லியில் வாழும் மாணவர்கள் இந்தியா கேட் அருகிலுள்ள ஜெய்ப்பூர் இல்லத்திற்குச் சென்றால், தேசிய நவீனக் கலைக்கூடத்தின் தொகுப்பில் உள்ள தாகூர் ஓவியங்களைக் காணும் வாய்ப்பு உண்டு. அவற்றுள் பலவற்றுக்கு இன்றும் தலைப்பு இல்லை.